வண்டியின் நடுக்கமும் காரண ஆராய்ச்சியும்

மோட்டார் வண்டி இக்காலத்தில் செல்வர்க்கே உரிய பொருளன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களினின்று நாள்தோறும் தொழிலுக்குச் செல்வோர் பலர் அதனையே நம்பியிருக்கின்றனர். அவ்வண்டிக்கு நேரும் குறைகளுள் நெடுஞ்சாலை நடுக்கம் என்பது ஒன்று. ஊருக்குள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் குற்றமின்றி ஓடும் வண்டி, மதுரவாயல் புறவழிச் சாலையிலோ, நசரத்பேட்டையருகில் வெளிவட்டச் சாலையிலோ 80 அல்லது 90ஐ எட்டியவுடன் ஓட்டுபவர் கை அதிர ஆடத் தொடங்குகின்றது. வேகம் இன்னும் சிறிது மிகுந்தால் அந்நடுக்கம் சில வேளைகளில் தானே தணிந்தும் விடுகின்றது. இதன் காரணத்தைக் காணும் முறை யாது என்பதும், அம்முறை நம்மிடையே ஏன் போற்றப்படவில்லை என்பதும் ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயங்களாம். பட்டறைக்குரிய பேச்சு கல்லூரி மலரில் எதற்கு என்று வாசகர் எண்ணலாகாது. இது சக்கரத்தைப் பற்றியது மட்டுமன்று. சிந்தனையைப் பற்றியதும் ஆகும்.

முதற்கண் கணக்கைக் காண்போம். சிறு கார் ஒன்றின் சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 1.85 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் செல்லுகின்றது. ஆகவே சக்கரம் நொடிக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் சுழலும். அதன் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் எடை மிகுந்திருப்பின், அவ்வேகத்தில் அது சுமார் 4 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தை வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் விசை காற்பங்காகக் குறையும். அன்றியும், சக்கரமும் அதனைத் தாங்கும் ஸ்பிரிங்கும் தமக்கென ஓர் இயல்பான ஆட்ட வீதம் உடையன. ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளினால் சிறு விசையும் பேராட்டம் விளைப்பதுபோல, சக்கரத்தின் சுழற்சி அவ்வீதத்தோடு இசையும் வேகத்தில் நடுக்கம் ஓங்குகின்றது. அதனைக் கடந்தபின் தணிகின்றது. 40இல் தோன்றாத குறை 90இல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

நம் பகுதியின் சாலைகள் இக்குறையை வளர்ப்பனவும் மறைப்பனவுமாய் இருக்கின்றன. சென்னை–திருவள்ளூர் சாலையின் பள்ளங்களில் விழுந்து ரிம் வளைகின்றது. டயரின் உட்பின்னல் அறுகின்றது. ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கிய சேற்றைக் கடந்த வண்டியின் ரிம்முக்குள் மண் ஒட்டி உலர்ந்து, ஒரு பக்கத்தை எடை மிகச் செய்கின்றது. ஆயினும் நெரிசல் மிக்க அச்சாலையில் வண்டி விரைந்து செல்ல வழியில்லாமையால் குறை வெளிப்படுவதில்லை. மெக்கானிக்கும் பட்டறைத் தெருவிலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "ஒன்றுமில்லை" என்கின்றார். நோய் தோன்றும் இடத்தில் அன்றோ நோயைச் சோதிக்க வேண்டும்? சட்டம் அனுமதிக்கும் வேகத்தைக் கடவாமல், திறந்த சாலையில் ஓட்டிப் பார்ப்பதே சோதனையாகும்.

அச்சோதனை எங்ஙனம் நிகழ வேண்டும்? ஜான் ஸ்டுவர்ட் மில் என்னும் அறிஞர் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட தருக்க நூலில் காரணங் காணும் முறைகளை வகுத்துக் காட்டினார். ஒன்று மாறுங்கால் உடன் மாறுவது யாது என்று காண்டல் அவற்றுள் ஒன்று. ஏனையவெல்லாம் ஒத்திருக்க ஒன்றை மட்டும் மாற்றிக் காண்டல் மற்றொன்று. இவ்விரண்டும் இங்கே பெரிதும் பயன்படுவன. வண்டி நிற்கையில் எஞ்சினை வேகப்படுத்தினாலும் அதிர்வு தோன்றுமாயின், குறை எஞ்சினிலோ அதனைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளிலோ இருத்தல் கூடும். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால், பிரேக் தட்டையே முதலில் ஐயுற வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்துகையில் மிகுந்து, விடுகையில் தணியுமாயின், எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டுக்களை நோக்க வேண்டும். இவை ஒன்றுமின்றி, குறித்த வேகத்தில் மட்டும் தோன்றுவதாயின், பெரும்பாலும் சக்கரமே காரணம். அப்பொழுது நடுக்கம் ஸ்டீயரிங்கில் உணரப்பட்டால் முன் சக்கரங்களையும், இருக்கையில் உணரப்பட்டால் பின் சக்கரங்களையும் ஐயுறுதல் வழக்கம். சக்கரங்கள் ஒரே அளவினவாயின், முன்னவற்றைப் பின்னும் பின்னவற்றை முன்னுமாக மாற்றி மீண்டும் ஓட்டுக. நடுக்கமும் கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறுமாயின், குறை சக்கரத்தைத் தொடர்ந்து சென்றது தெளிவாம்.

இத்துணை எளிய முறை இருக்கவும், பல இடங்களில் நிகழ்வது வேறு. முதல் நாள் வீல் அலைன்மென்ட் செய்யப்படுகின்றது. அது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஒருபுறம் தேய்வதற்கும் மருந்தேயன்றி, நடுக்கத்துக்குப் பெரும்பாலும் மருந்தன்று. பின்னர் டயர் மாற்றப்படுகின்றது. அதன்பின் ஷாக் அப்சார்பர். பணம் ஆயிரக்கணக்கில் செலவாகின்றது. இறுதியில் எடை சமன் செய்யும் சிறு உலோகக் கட்டி ஒன்றினால் நடுக்கம் தீர்கின்றது.

இதற்குப் பழி முழுவதும் மெக்கானிக்கையே சாரும் என்பார் பலர். நம் அபிப்பிராயம் அதுவன்று. வண்டிக்கு உரியவர் புதிய பாகத்துக்குக் கேட்ட விலையைக் கொடுக்கின்றார். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, "பாகம் எதுவும் மாற்ற வேண்டா" என்று சொன்னவருக்குக் கூலி கொடுக்கத் தயங்குகின்றார். "ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் பணம்?" என்று கேட்கின்றார். சிந்தனைக்கு ஊதியமின்றிப் பொருளுக்கே ஊதியமென்றால், பொருளை மாற்றுவோரே பெருகுவர். வைத்தியர் நாடி பிடித்ததற்கும் கூலியுண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் நாடு, பட்டறைத் தொழிலாளியின் நுண்ணறிவை மட்டும் இலவசமாகக் கேட்பது நீதியாகுமா? பட்டறைக்குள் சென்றவுடன், "இன்னதை மாற்றுங்கள்" என்று கட்டளையிடுவதை விடுத்து, எவ்வேகத்தில், எவ்விடத்தில், எக்காலத்தில் நடுக்கம் தோன்றிற்று என்பதை உரியவர் எடுத்துரைப்பாராயின், அதுவே பாதி மருந்தாகும்.

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. நடுக்கம் திடீரெனத் தோன்றினால் ஆராய்ச்சிக்கு அது நேரமன்று. மெல்ல வேகத்தைக் குறைத்து, சாலையோரத்தில் காப்பான இடத்தில் நிறுத்திச் சக்கரத் திருகுகள் தளர்ந்துள்ளனவா, டயர் எங்கேனும் புடைத்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இரண்டில் ஒன்று காணப்படினும் அவ்வண்டியை அந்நிலையில் மேலும் ஓட்டலாகாது. பழகிப்போன அதிர்வைப் பொருட்படுத்தாது செல்பவர் தம் உயிரை மட்டுமன்றிப் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றார்.

நம் பகுதியோ சக்கரத்தின் கலையை நன்கறிந்த பகுதி. 1960இல் தோன்றிய வீல்ஸ் இந்தியா பாடியில் சக்கரங்களைச் செய்து வருகின்றது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கடைசல் யந்திரங்கள் மயிரிழையளவு பிழையையும் பொறுப்பதில்லை. அங்கே அளந்து பார்க்காமல் ஒரு பாகமும் வெளியே செல்லாது. ஆலைக்குள் போற்றப்படும் அவ்வொழுங்கு, ஆலைக்கு எதிரேயுள்ள பட்டறையிலும், அதன் வாயிலில் வண்டியை நிறுத்துபவரிடத்திலும் நிலைபெறுதல் வேண்டும். தருக்கத்தைப் பரீட்சைக்கென்று படித்து மறந்துவிடாமல், கண்ட குறைக்குக் காரணம் தேடும் கருவியாகக் கைக்கொள்வது கற்றோர் கடன். முதலில் காரணம், பின்னரே பரிகாரம். இதுவே நாம் வற்புறுத்த விரும்புவது.