இணையப் பெயர் வியாபாரம்: தரகா, பதுக்கலா?

"ஒரு டொமைன் வாங்கிப் போடு, ரெண்டு வருஷத்தில் லட்சத்துக்கு விற்கலாம்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். முன்பு பைபாஸ் ஓரம் மனை வாங்கிப் போடச் சொன்ன அதே ஆட்கள்தான் இப்போது பெயர் வாங்கிப் போடச் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் வந்துவிட்டது. பி.காம். படிக்கிறவன் என்பதால் "இது நல்ல பிசினஸா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொமைன் வாங்கி விற்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று நியாயமான வியாபாரம், ஆனால் கையில் காசில்லாத மாணவனுக்கு அதில் பெரும்பாலும் நஷ்டம்தான். இன்னொன்று வியாபாரமே இல்லை, பதுக்கல். இந்த இரண்டையும் பற்றிப் பேசிக்கொண்டே, நம் ஊர்க் கடைக்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரையே கோட்டை விடுவதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். டொமைனை யாரும் "வாங்குவது" கிடையாது, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் பெயர்களின் மொத்தப் பதிவேடு வெரிசைன் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் இருக்கிறது. நம் நாட்டு டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸி என்ற அமைப்பு பொறுப்பு. நாம் பணம் கட்டும் கம்பெனிகள் எல்லாம் இவர்களுக்குக் கீழே இருக்கும் சில்லறைக் கடைகள் மாதிரி. டாட் காம் பெயரை ஒரே மூச்சில் அதிகபட்சம் 10 வருஷத்துக்கு எடுக்கலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். பட்டா, பத்திரம் எதுவும் இல்லை. 1995 செப்டம்பர் வரை இந்தப் பெயர்கள் இலவசமாகவே கிடைத்தன. அதற்குப் பிறகுதான் இரண்டு வருஷத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. இன்று ஒரு டாட் காம் பெயர் வருஷத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது.

இப்போது நியாயமான வகைக்கு வருவோம். நம் சென்னையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. சத்யம் இன்ஃபோவே, பின்னாளில் சிஃபி என்று பெயர் மாறிய கம்பெனி. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தது. அடுத்த மாதமே மும்பையைச் சேர்ந்த ராஜேஷ் ஜெயின் என்பவரின் இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. இந்தியாவேர்ல்டிடம் என்ன இருந்தது? சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி. செய்தி, தேடல், விளையாட்டு, சமையல்காரர் என்று பொருள்படும் சாதாரண இந்திச் சொற்கள். அவற்றோடு ஒரு டாட் காம். "நாலு வார்த்தைக்கு 499 கோடியா!" என்று வாயைப் பிளந்தவர்கள் அப்போது ஏராளம்.

ஆனால் அவர் விற்றது வெறும் வார்த்தையை இல்லை. 1995-ல் ஆரம்பித்து, இணையம் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத காலத்தில், ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் ஒரு தளத்தை நடத்தினார். வெளிநாட்டு இந்தியர்கள் காலையில் எழுந்ததும் அங்கே செய்தி படித்தார்கள். விலை அந்தப் பழக்கத்துக்குத்தான். எங்கள் பாடத்தில் இதற்கு 'நற்பெயர்' என்று பெயர். இருப்புநிலைக் குறிப்பில் கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் பக்கத்தில் வரும். சொல் என்பது வெறும் பெயர்ப்பலகை. கடைக்கு ஆள் வந்தால்தான் பலகைக்கும் விலை.

தளம் எதுவும் நடத்தாமல், பொதுச் சொல்லை வாங்கி வைத்து விற்பதும் தப்பில்லை என்பேன். 2019-ல் 'வாய்ஸ்' என்ற ஒரே சொல்லின் டாட் காம் பெயர் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. 'வாய்ஸ்' யாருக்கும் சொந்தமான சொல் இல்லை. யாரும் ஏமாறவும் இல்லை.

இந்த மாதிரிப் பேரங்களில் தரகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பார்த்தால் எனக்கு மாட்டுச் சந்தைதான் ஞாபகம் வரும். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே கதைதான். வாங்குகிறவர் பெரிய கம்பெனி என்று தெரிந்தால் விற்கிறவர் விலையை ஏற்றிவிடுவார். அதனால் தரகர் யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவே மாட்டார். விலை முடிந்ததும் பணம் நேராக விற்றவர் கைக்குப் போகாது. மூன்றாவது ஆள் ஒருவரிடம் பணம் இருக்கும். பெயர் வாங்கியவர் கணக்குக்கு மாறிய பிறகுதான் விடுவிப்பார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஏமாறாமல் பேரம் முடிக்க இது நல்ல ஏற்பாடு. தரகு வாங்குவதற்கு நியாயமான வேலைதான்.

அப்புறம் ஏன் மாணவர்களுக்கு வேண்டாம் என்கிறேன்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

100 பெயர் எடுத்து வைக்கிறீர்கள். தலா 1,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,00,000 ரூபாய். அதில் ஒன்று 50,000-க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். தரகு 20 சதவீதம் போனால் கையில் 40,000. இரண்டு விற்றாலும் 80,000-தான், இன்னும் நஷ்டம். மூன்றாவது பெயர் விற்ற பிறகுதான் லாபத்தில் காலை வைக்கிறீர்கள். மீதி 97 பெயருக்கும் அடுத்த வருஷம் மறுபடி பணம் கட்ட வேண்டும். எங்கள் பக்கம் மஞ்சள் மூட்டையை இருப்பு வைக்கிறவர்கள் உண்டு. விலை விழுந்தாலும் மஞ்சள் மஞ்சள்தான், ஏதோ ஒரு விலைக்குப் போய்விடும். விற்காத டொமைனுக்கு விலையே கிடையாது. கெடு முடிந்தால் அது உங்களிடமும் இருக்காது. நல்ல ஆங்கிலச் சொற்களை எல்லாம் நாம் பிறப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நஷ்டக் கணக்கு புரிந்ததும் சிலருக்கு அடுத்த யோசனை வருகிறது. "பொதுச் சொல் எதற்கு? பெரிய கம்பெனி பெயராகப் பார்த்து எடுத்து வைத்தால் அவர்களே தேடி வந்து கொடுப்பார்களே!" நான் பதுக்கல் என்று சொன்னது இதைத்தான்.

இதற்கும் அதே சென்னைக் கம்பெனிதான் உதாரணம். 1999-ல் சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, அதை வைத்துப் பல டொமைன்களைப் பதிவு செய்தது. 2001-ல் சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டி, கிட்டத்தட்ட அதே பெயரில் தொழில் நடத்தத் தொடங்கியது. வழக்கு வந்தது. "எங்கள் ஐந்து பேர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் இந்தச் சொல் வருகிறது" என்று அவர்கள் வாதாடினார்கள். பெங்களூர் சிவில் நீதிமன்றம் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. கடைசியில் 2004 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் சத்யம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஐந்து எழுத்து விளக்கத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தத் தீர்ப்பில் நமக்கு முக்கியமான விஷயம் வேறு. டொமைனுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாததால், வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பையே டொமைனுக்கும் கொடுத்தார்கள். டொமைன் வெறும் முகவரி இல்லை, அந்த வணிகத்தின் அடையாளம் என்றார்கள். அதுவும், டிரேட்மார்க் பதிவு செய்திருந்தால்தான் என்று இல்லை. மக்கள் மத்தியில் பெயர் எடுத்திருந்தாலே போதும், இன்னொருவர் அந்தப் பெயரைப் போட்டு ஆட்களைக் குழப்பக் கூடாது. இது சின்னக் கடைக்கும் பொருந்தும்.

சமீபத்திய கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒன்று சேரும் என்று ஊகித்த தில்லி இளைஞர் ஒருவர், 2023-லேயே இரண்டு பெயரையும் ஒட்டி ஒரு டாட் காம் எடுத்து வைத்தார். 2024 அக்டோபரில் அந்தத் தளத்திலேயே ஒரு கடிதம் போட்டார். கேம்பிரிட்ஜில் தான் படிப்பதற்கு ரிலையன்ஸ் பணம் கட்டினால் பெயரைத் தருவேன் என்றார். ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் சமாச்சாரம். ரிலையன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பெயர் துபாயில் இருக்கும் ஓர் அண்ணன் தங்கையிடம் போய், அவர்கள் இலவசமாகவே தருகிறோம் என்றார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் வந்தேவிட்டது.

என் வயசுப் பையன்கள் பலர் அந்த இளைஞருக்காக வருத்தப்பட்டார்கள். "முதலில் வந்தவனுக்குத்தானே சீட்டு? பஸ்ஸில் துண்டு போட்டால் இடம் நமக்குத்தானே?" என்றார்கள். படிக்க வேண்டும் என்ற ஆசையில் எனக்கும் குறை தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு பெயர்களுக்கும் மதிப்பு வந்தது அவர் செய்த வேலையால் இல்லை. பஸ்ஸில் துண்டு போடுகிறவன் உட்காருவதற்காகப் போடுகிறான். உட்காரும் எண்ணமே இல்லாமல், வரப்போகிறவரிடம் காசு கேட்பதற்காகவே துண்டு போட்டால் அதற்கு ஊரில் வேறு பெயர்.

அதற்காகப் பெரிய கம்பெனி கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் யூசி நிஸான் என்று ஒருவர் இருந்தார். நிஸான் அவருடைய சொந்தக் குடும்பப் பெயர். தன் கம்ப்யூட்டர் கடைக்காக 1994-ல் அந்த டாட் காம் பெயரை எடுத்தார். 1999-ல் நிஸான் கார் கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது. பல வருஷம் இழுத்தடித்த பிறகும் பெயர் அவரிடமேதான் இருந்தது. 2020-ல் அவர் இறந்தார். அவர் பதுக்கல்காரர் இல்லை, அந்தப் பெயரில் பிழைப்பு நடத்தினவர். உன் உழைப்பு இருந்தால் விடாதே, அடுத்தவன் உழைப்பு என்றால் தொடாதே. எனக்குத் தெரிந்த அளவுகோல் இவ்வளவுதான்.

கடைசியாக, நான் முதலில் சொன்ன அந்தக் கவலை. எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், வெப்சைட் செய்து கொடுத்த ஆளிடமே "பெயரையும் நீங்களே எடுத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். அந்தத் தம்பி தன் பெயரில், தன் ஈமெயிலில், தன் போன் நம்பரில் பதிவு செய்துகொண்டார். மூன்று வருஷம் கழித்து இருவருக்கும் மனஸ்தாபம். பில் புத்தகம், பை, போர்டு எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி இப்போது கடைக்காரர் கையில் இல்லை. பணம் கட்டிய ரசீது மட்டும் இருக்கிறது.

சட்டம் அவர் பக்கம் இருக்கலாம். ஆனால் டாட் காம் தகராறை உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் கொண்டுபோனால், ஒரே நடுவர் என்றாலும் கட்டணம் 1,500 டாலர். நம் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். அதோடு வக்கீல் செலவு வேறு. ஆயிரம் ரூபாய்ப் பெயருக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்? பெரிய கம்பெனிகளுக்கு நீதிமன்றம் இருக்கிறது. நம் ஊர்க் கடைக்கு முன்ஜாக்கிரதை மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே கடை, மண்டி, உழவர் குழு, டியூஷன் சென்டர் என்று எதை நடத்தினாலும் சரி:

- டொமைன் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். தளம் செய்பவர் தளத்தை மட்டும் செய்யட்டும்.

- கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டாட் காம் பெயர் கெடு முடிந்த அன்றே போய்விடாது. சில நாள் அவகாசம் இருக்கும், அப்புறம் 30 நாள் அபராதத்தோடு மீட்கலாம். அதையும் விட்டால் எவர் வேண்டுமானாலும் எடுத்து, உங்கள் பெயரில் சூதாட்ட விளம்பரம் கூடப் போடலாம்.

- நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாப்பிரெட்டிப்பட்டியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'பி' ஒன்றா இரண்டா, கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா என்று ஆளுக்கு ஒரு விதம். அதனால் ஊர்ப் பெயர் சேர்த்தால் ஒன்றுக்கு இரண்டு எழுத்துக்கூட்டலாக எடுத்து வையுங்கள். தமிழிலேயே எழுத டாட் இந்தியா என்ற முடிவும் இருக்கிறது.

அடுத்த தடவை யாராவது "எந்தப் பெயர் வாங்கிப் போட்டால் லாபம்?" என்று கேட்டால் நான் சொல்லப்போகும் பதில் இது: உங்கள் அப்பா 20 வருஷமாக நடத்துகிற கடையின் பெயர். அதை விற்க வேண்டாம். வருஷம் ஆயிரம் ரூபாய் கட்டிக் காப்பாற்றினால் போதும்.