சின்னச் சக்கரமும் கடற்கரைப் பாதையும்

நமது புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஊர்களிலே சிறு ஸ்கூட்டர்கள் பெருகி வருகின்றன. பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியையும், ஆஸ்பத்திரிக் கடமைக்கு விரையும் தாதியும், முதன்முதலாக உத்தியோகத்திற் சேர்ந்த இளைஞனும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் துன்பத்திலிருந்து இச்சிறு வாகனத்தினால் விடுதலை பெற்றிருக்கின்றனர். பெண்மக்கள் பிறர் துணையை எதிர்பாராது தொழிலுக்குச் சென்று வருவது பெரிதும் வரவேற்கத்தக்க மாற்றமாகும்.

ஆயினும், இந்த வாகனத்திலே ஒரு சூட்சுமம் உண்டு. கியர் மாற்ற வேண்டுவதில்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டுவதில்லை. ஆகவே ஒரு வாரத்திற்குள்ளேயே, "இனி எல்லாம் தெரியும்" என்ற எண்ணம் பிறந்துவிடுகிறது. உண்மை அதுவன்று. வண்டியைப் பழக ஒரு வாரம் போதும். பாதையைப் பழக ஓர் ஆண்டு வேண்டும். ஏனெனில், நமது கரையோரப் பாதையின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றது.

முதலில் சக்கரத்தைக் கவனிப்போம். இத்தாலியிலே பியாஜியோ கம்பனியார் 1946ஆம் ஆண்டு வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டனர். அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். உடுப்பிலே எண்ணெய் படாமல், எளிதாக ஏறி அமரத்தக்க வாகனத்தை அவர் ஆக்கினார். அந்த வசதிகளோடு சின்னச் சக்கரமும் கூட வந்தது. பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும் குழியிலே பத்து அங்குலச் சக்கரம் இறங்கிவிடும். நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரும் பெருந்தெருவின் அருகே புகையிரதப் பாதையும் ஓடுகிறது. கிளைத் தெருக்களில் தண்டவாளத்தைக் கடக்கும்போது சரிந்து கடவாதீர்கள். வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்துக்கு நேர் குறுக்காகவே கடந்து செல்லுங்கள்.

இனி மணல். பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குச் செல்லும் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் பாதை, மேற்கே கடலுக்கும் கிழக்கே களப்புக்கும் இடையிலே அமைந்தது. காற்று வீசினால் தார்மீது மணல் படியும். மணல்மீது பிரேக் பிடிப்பதும் திருப்புவதும் வீழ்ச்சிக்கு வழியாகும். மணலைத் தூரத்திலேயே கண்டு, அதை அடையுமுன் வேகத்தைத் தணித்து, கைபிடியை இறுக்காமல் நேரே உருண்டு செல்லுதலே முறை. தார் ஓரத்திலிருந்து சக்கரம் மணலில் இறங்கிவிட்டால், பதறி உடனே திருப்பி ஏற்ற முயலாதீர்கள். மெல்ல வேகம் குறைந்தபின், பின்னால் வாகனம் வருகிறதா எனப் பார்த்து ஏறுங்கள்.

மணலை விடக் கள்ளமானது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை, நம் மீனவர் கச்சான் என்றும் சோளகம் என்றும் சொல்லும் காற்று கடற்பக்கமிருந்து பலமாக வீசும். மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகளே இதற்குச் சாட்சி. கற்பிட்டியை நோக்கிச் செல்பவருக்கு அது இடப்புறமிருந்து வந்து, வண்டியை நடுத்தெருவுக்குத் தள்ளும். புத்தளத்துக்குத் திரும்புகையில் வலப்புறமிருந்து வந்து மணல் ஓரத்துக்குத் தள்ளும். அப்போது எதிரே வரும் லொறி ஒரு கணம் காற்றை மறைத்துவிடும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்து ஓட்டியவர் அந்தக் கணத்திலே லொறியின் பக்கம் சாய்வார். லொறி கடந்ததும் மீண்டும் ஓரத்துக்குத் தள்ளப்படுவார். இதை முன்னறிந்து, பெரிய வாகனம் நெருங்குமுன் வேகத்தைக் குறைத்து, அதனிடமிருந்து விலகி, தோளைத் தளர்த்தி அமர்வது நன்று. தென்னஞ்சோலைகளின் ஊடே செல்லும்போது விழுந்து கிடக்கும் ஓலையையும் மட்டையையும் கவனியுங்கள்.

பிரேக் பற்றியும் கூற வேண்டும். 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடிவிடும். அபாயத்தைக் கண்டு கை அசைவதற்கே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். வண்டி தணியும்போது பாரம் முன்னே சாய்வதால், நிறுத்தும் வல்லமை பெரும்பாலும் முன் சக்கரத்துக்கே உண்டு. ஆனால் புதியவர் அஞ்சிப் பின் பிரேக்கை மாத்திரம் பிடிப்பர். இரண்டையும் சேர்த்து, மெல்லத் தொடங்கி வரவர அழுத்திப் பிடிக்க வேண்டும். மணலற்ற உறுதியான வெற்றுத் தரையிலே இதைப் பலமுறை பழகுங்கள். வண்டியை உருட்டிச் செல்லும்போது இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். தவறிக் கைபிடி முறுகினால் வண்டி தாவிப் பாய்ந்துவிடும்.

அந்தி சாய்ந்தபின் கட்டாக்காலி மாடுகளும் கழுதைகளும் தெருவிலே நிற்கும். கழுதையின் சாம்பல் நிறம் இருளோடு கலந்துவிடும். விளக்கின் ஒளி எவ்வளவு தூரம் எட்டுகிறதோ, அதற்குள் நிற்கத்தக்க வேகமே இரவுக்குரிய வேகம். ஆகஸ்டிலே தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் பஸ்கள் வரும். அந்நாட்களில் சற்று முன்னதாகவே புறப்படுங்கள்.

உப்புக் காற்று இரும்பை ஓசையின்றித் தின்னும். வாரம் ஒருமுறை நன்னீரால் வண்டியைக் கழுவித் துடைத்து, பிரேக் கம்பிகளைப் பரிசோதியுங்கள். டயரின் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளவிடுங்கள். சேலைத் தலைப்பும், துப்பட்டாவும், அபாயாவின் ஓரமும் சக்கரத்தை அணுகாதவாறு செருகிக்கொள்ளுங்கள். குழந்தையை முன்னே நிறுத்திச் செல்லும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

தலைக்கவசம் பொலிசாருக்காக அணிவதன்று. 'அரேபியாவின் லோரன்ஸ்' எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர், 1935ஆம் ஆண்டு மே மாதம் சைக்கிளில் வந்த இரு சிறுவர்களுக்கு விலகப் போய், மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டார். தலைக் காயத்தால் ஆறாம் நாள் மாண்டார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் பின்னர் இவ்விஷயத்தை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941ஆம் ஆண்டு பிரித்தானிய வைத்திய சஞ்சிகையிலே எடுத்துரைத்தார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 வீதமும், தலைக் காயத்தை 69 வீதமும் குறைப்பதாகக் கண்டது. தாடைப் பட்டியைப் பூட்டாவிட்டால் இந்தப் பயன் கிட்டாது. பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும். சட்டமும் அதையே கூறுகின்றது. விபத்து நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 'சுவசெரிய' அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

அனுமதிப் பத்திரத்தையும் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சிசிக்கு மேற்படாத வண்டிகளுக்கே செல்லும். 110 சிசி ஸ்கூட்டர் வாங்குவோருக்கு ஏ வகுப்பு வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு சொல். மகள் வரப் பத்து நிமிஷம் பிந்தினால் உடனே தொலைபேசியில் அழைத்து, "எங்கே நிற்கிறாய், பிள்ளை?" என்று கேட்கிறோம். அன்பினால் எழும் அந்த அழைப்பே, ஓடும் வண்டியிலே அவள் ஒரு கையை எடுக்கக் காரணமாகிவிடலாம். போய்ச் சேர்ந்தபின் அவளே அழைக்கட்டும் என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். "கெதியாய் வா" என்று வழியனுப்பும் வழக்கத்தை மாற்றி, "பார்த்து, ஆறுதலாய் வா" என்று சொல்லப் பழகுவோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, வேலைநாளின் நெரிசல் இராது. புதிதாக ஓட்டப் பழகியவர், அனுபவம் வாய்ந்த ஒருவர் தம் வண்டியிலே பின்தொடர, நாளை செல்ல வேண்டிய பாதையில் ஒருமுறை நிதானமாகப் போய் வரட்டும். மணல் படியும் வளைவு எது, காற்று பாயும் வெளி எது, மாடு நிற்கும் சந்தி எது என்று குறித்துக்கொள்ளட்டும். வாடைக் காலம் தொடங்கும்போது மீண்டும் ஒருமுறை அவ்வாறே போய் வர வேண்டும்.