மௌனத்துக்கு அடியில் மழை

சனிக்கிழமை மாலை ஏழரை மணி. கோவையில் எங்கள் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். சிங்கப்பூரில் மணி பத்து; சித்தப்பா மகன் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டியிருப்பான். லண்டனில் பிற்பகல் இரண்டு. அக்கா மதியப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்திருப்பார். டொராண்டோவில் காலை ஒன்பது. யாழ்ப்பாணத்துக்காரரான அண்ணையின் சன்னலுக்கு வெளியே பனியின்மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி. இந்த நான்கு பேரையும் அடுத்த மூன்று மணி நேரம், 1920ஆம் ஆண்டின் பாஸ்டன் நகரத்தில், குடிவந்தவர்கள் யாரும் நிம்மதியாக இருந்திராத ஒரு வீட்டுக்குள் நான் கூட்டிப்போக வேண்டும். அவர்கள் பயப்படவும் வேண்டும்.

இதற்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "கதவைத் தட்டுகிறேன்", "மாடிக்குப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை முடிவு செய்யும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. நாங்கள் ஆடுவது 1981இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு'. சாண்டி பீட்டர்சன் வடிவமைத்தது, ஹெச். பி. லவ்கிராஃப்ட் எழுதிய திகில் கதைகளின் உலகில் நடப்பது. நடத்துபவரை இதில் கீப்பர் என்பார்கள். எங்கள் குழுவில் அது நான்.

மற்ற ஆட்டங்களில் ஆடஆடப் பாத்திரம் பலசாலியாகும். இதில் அப்படியில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சித்தத் தெளிவுக்கென்று ஒரு மதிப்பெண் உண்டு. காணக்கூடாததைக் காணும்போதெல்லாம் நூறுவரை எண் விழும் பகடையை உருட்ட வேண்டும்; விழுந்த எண் தன் மதிப்பெண்ணைவிட அதிகமானால் தெளிவு கரையும். ஒரே அதிர்ச்சியில் ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ போய்விட்டால் அடுத்து அறிவுக்கு ஒரு சோதனை. அதில் தோற்றால் தப்பித்தோம். கண்டது என்னவென்று மனம் முழுதாக உணரவில்லை. வென்றால்தான் ஆபத்து. உணர்ந்துகொண்ட மனம் கொஞ்ச நேரத்துக்குக் கலங்கிப்போகும். புரிந்துகொள்வதுதான் பயம் என்பதை ஒரு பகடை விதிக்குள் வைத்த அந்த யோசனையை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

இதை இணையத்தில் நடத்தப்போகிறேன் என்றபோது, ஒரே மேசையில் ஆடிப் பழகிய நண்பர்கள் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 'டென் கேண்டில்ஸ்' என்றொரு ஆட்டத்தை இருட்டறையில் பத்து மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து ஆடுவார்கள். ஒவ்வொன்றாக அணையஅணைய முடிவு நெருங்கும். 'டிரெட்' என்ற ஆட்டத்தில் பகடையே கிடையாது. மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து கட்டையை உருவ வேண்டும், கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் ஆட்டத்தைவிட்டுப் போய்விடும். இவையெல்லாம் ஒரே அறையில், ஒரே இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கானவை. ஒருவருக்கு வெயில், இன்னொருவருக்கு நள்ளிரவு என்றிருக்கும் இடத்தில் பயம் எப்படி வரும் என்று கேட்டார்கள்.

முதல் இரண்டு ஆட்டங்களில் பயம் வரவில்லை. நிலவறைப் படிக்கட்டில் அவர்கள் இறங்கும்போது எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. லண்டன் அக்காவுக்கு அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது; சென்னைத் தோழி வேறொரு திரையைத் திறந்தாள். அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. பயத்துக்குத் தடையாக இருந்தது தூரம் அல்ல, கவனம் கலைவதுதான். ஒரே மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பயம் வராது. ஆக, கீப்பரின் வேலை பேயைக் கொண்டுவருவதற்கு முன்பே தொடங்குகிறது. ஐந்து பேரின் கவனத்தையும் மூன்று மணி நேரம் காவல் காப்பதுதான் அந்த வேலை.

முதலில் கடிகாரம். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். லண்டனில் அது மார்ச் கடைசி ஞாயிறு. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த வழக்கமே இல்லை. முதல் வருடம் இதை நான் யோசிக்கவில்லை. அண்ணை வழக்கம்போல் காலை ஒன்பதுக்கு வந்து ஒரு மணி நேரம் தனியாகக் காத்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் குழுவுக்கு இந்திய நேரம்தான் நேரம். வாரத்தின் நடுவே ஒருமுறை, ஆட்டத்தன்று காலையில் ஒருமுறை, அவரவர் ஊர் நேரத்தையும் சேர்த்து எழுதி அனுப்பிவிடுவேன். இன்னொரு விதியும் வைத்தோம். நால்வரில் மூவர் வந்தால் ஆட்டம் உண்டு. எல்லோரும் வரட்டும் என்று காத்திருக்கும் குழுக்கள் மெல்ல மெல்லக் கலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ஆட்டத்துக்கு முந்தைய சந்திப்பு. இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் இதை 'செஷன் ஜீரோ' என்பார்கள். பாத்திரங்களை உருவாக்கவும், எது வேண்டாம் என்று பேசவும் ஒரு மாலையை ஒதுக்க வேண்டும். எங்களுக்கு முதலிலேயே ஒரு கேள்வி எழுந்தது. 1920இல் பாஸ்டனில் ஒரு தமிழர் எப்படி இருந்திருக்க முடியும்? 1917இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து வருவோருக்குக் கதவை மூடியிருந்தது. மாணவர்களுக்கு விலக்கு இருந்தது. அதனால் சென்னைத் தோழி, மருத்துவம் படிக்க வந்த மாணவியானாள். டொராண்டோ அண்ணை, கப்பலிலிருந்து இறங்கித் துறைமுகத்தில் தங்கிவிட்ட மாலுமியானார். லவ்கிராஃப்ட் நிறவெறியர். அயலாரைக் கண்டு அவருக்கிருந்த அச்சமும் வெறுப்பும் கதைகளிலேயே இருக்கின்றன. உலக ஃபேண்டஸி விருதுச் சிலையிலிருந்து அவர் முகத்தை நீக்குவதாக 2015இல் அறிவித்தார்கள். இதை மறைத்துவிட்டு ஆடக்கூடாது என்று முடிவெடுத்தோம். அவர் அஞ்சிய மனிதர்களே அவர் கட்டிய உலகத்தில் துப்பறிகிறார்கள். எங்கள் ஆட்டத்துக்கு அது ஒரு வலுவைத் தந்தது.

எது வேண்டாம் என்று கேட்டபோது மூன்று பேர் சிறுசிறு விஷயங்களைச் சொன்னார்கள். சிங்கப்பூர்த் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாங்கண்ணா" என்றான். சித்தப்பா இறந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாங்கள் ஆடவிருந்த கதையின் பெயர் 'தி ஹாண்டிங்'. புதிதாக ஆட வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கொடுப்பார்கள். அந்த வீட்டில் முன்பு குடியிருந்த குடும்பத்தை மனநலக் காப்பகத்தில் போய்ப் பார்க்கும் கட்டம் அதில் வரும். அதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அந்தக் குடும்பத்துப் பெண் எழுதிய கடிதம் என்று ஒன்றை எழுதி, பழைய தாளில் படியெடுத்து, படமாக அனுப்பினேன். கதையில் எதுவும் குறைந்துவிடவில்லை.

ஆட்டத்தின் நடுவிலும் நிறுத்த வழி இருக்க வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' அதற்கு உதவுகிறது. மேசையில் ஓர் அட்டை இருக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியைக் கேள்வி கேட்காமல் கடந்துவிட வேண்டும். இணையத்தில் ஒற்றை எழுத்தை எனக்குத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும், யார் அனுப்பியது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. பயமுறுத்தும் ஆட்டத்தில் இத்தனை பாதுகாப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மேசையில் எதிரே இருப்பவரின் முகம் வாடினால் எனக்குத் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பால், கேமராவை அணைத்துவிட்டு இருட்டில் இருப்பவர் அழுதால் எனக்குத் தெரியாது. அதனால்தான்.

இனி ஒலி. திகிலில் பாதி, சொல்லாமல் நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. இதை நான் சித்தப்பாவிடம் கற்றேன். அவர் மில்லில் மூன்றாம் ஷிஃப்ட் பார்த்தவர். ஓடாத தறியில் நூல் அறுந்து விழுந்த கதையைச் சொல்லும்போது, சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, சொம்பை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடிப்பார். அந்தத் தண்ணீர் இறங்கும் சத்தத்தில் எங்களுக்கு உடம்பு நடுங்கும். அதையே இணையத்தில் செய்து பார்த்தேன். நான்கு விநாடி அமைதியாக இருந்திருப்பேன். "தம்பி, கேக்குதோ? லைன் கட்டாகிட்டுதோ?" என்றார் அண்ணை. பயம் அங்கேயே உடைந்தது.

இணையத்தில் மௌனம் என்றால் தொடர்பு அறுந்தது என்றுதான் காது எடுத்துக்கொள்கிறது. பல வாரம் யோசித்து ஒரு வழி கண்டேன். ஆட்டம் முழுக்க அடியில் மெலிதாக மழைச் சத்தம் ஓடவிட்டேன். இப்போது நான் பத்து விநாடி நிறுத்தினாலும் யாரும் 'ஹலோ' சொல்வதில்லை. மழை கேட்டுக்கொண்டிருக்கும்வரை நான் அங்கே இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். இரைச்சலை நீக்கும் வசதியை என் பக்கம் அணைத்து வைக்கவும் கற்றுக்கொண்டேன். அது என் கிசுகிசுப்பையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. வீட்டு வாசலைத் தாண்டியதும் எல்லோரும் கேமராவை அணைப்போம். டொராண்டோவில் அண்ணை எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடுவார். காலை ஒன்பதரைக்குத் தன் கையால் இருட்டை உண்டாக்கிக்கொள்ளும் மனிதர், அதற்குப் பிறகு கைப்பேசியைத் தொடுவதில்லை.

ஒரே மேசையில் செய்ய முடியாத ஒன்றையும் இணையம் எனக்குக் கொடுத்தது. அவர்கள் மாடியில் அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தபோது, சென்னைத் தோழிக்கு மட்டும் ஒரு தனிச்செய்தி அனுப்பினேன்: 'கீழே, பூட்டிய அறைக்குள், யாரோ உன் பெயரைச் சொல்கிறார்கள். உனக்கு மட்டும்தான் கேட்கிறது.' அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். மற்ற மூவரும் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து லண்டன் அக்கா, "ஏம்மா அமைதியாயிட்டே?" என்று கேட்டார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள், "ஒண்ணுமில்லக்கா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான்கு பேரும் பயந்தார்கள். அன்றைக்குப் பகடையை உருட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

ஆட்டம் முடியும்போது சிங்கப்பூரில் இரவு மணி ஒன்று. பயத்தோடு யாரையும் தூங்க அனுப்பக்கூடாது. கேமராவைப் போட்டு, கால் மணி நேரம் வீட்டுக் கதை பேசுவோம். ஒரு நாள் எல்லோரும் போன பிறகும் தம்பி மட்டும் இருந்தான். "அண்ணா, நீங்க நிறுத்துற இடமெல்லாம் அப்பா நிறுத்துற மாதிரியே இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. மழைச் சத்தத்தை நான் இன்னும் அணைத்திருக்கவில்லை.

சிதறிப்போன சொந்தங்களையும் நண்பர்களையும் நாம் கல்யாணத்திலும் காரியத்திலும்தான் பார்க்கிறோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம். மூன்று மணி நேரம் வேறு எதையும் பார்க்காமல் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது அரிதாகிவிட்டது. இந்த ஆட்டம் எங்களுக்கு அதைத் திருப்பித் தந்தது. தொடங்குவதற்குப் பெரிய செலவும் இல்லை. 'கால் ஆஃப் கதுலு'வின் அறிமுக விதிநூலைக் கேயாசியம் இலவசமாகவே தருகிறது, நான் சொன்ன பாஸ்டன் வீடும் அதற்குள் இருக்கிறது. நாளைக் குறியுங்கள், ஒவ்வோர் ஊருக்கும் நேரத்தை எழுதி அனுப்புங்கள், எது வேண்டாம் என்று முதலிலேயே கேளுங்கள், மழையை ஓடவிடுங்கள். எல்லோரும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்று பேர் வந்தால் போதும், தொடங்கிவிடுங்கள்.