உண்ண அனுமதி, உழைக்கத் தடை!

ஓய்வுக்காலத்தைக் கழிக்க வரும் வெளிநாட்டாருக்குத் தாய்லாந்து சர்க்கார் ஓர் அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. வயது 50 நிரம்பியிருக்க வேண்டும். அந்நாட்டுப் பாங்கியில் 8 லட்சம் பாட் போட்டிருக்க வேண்டும்; அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். மனைவி கூட வந்தால், கணவனின் சீட்டை ஆதாரமாகக் கொண்டு அவளும் தங்கலாம்.

8 லட்சம் பாட் என்றால் எவ்வளவு? 2025 ஜூலையில் பாங்காக்கில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 400 பாட். அந்தக் கூலிக்காரன் பட்டினி கிடந்து, ஒரு நாளும் ஓயாமல் 2,000 நாள் உழைத்தால் அந்தத் தொகை சேரும். ஏறக்குறைய ஐந்தரை வருஷம்!

“பணக்காரன் விவகாரம், நமக்கென்ன?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். நம் பிள்ளைகளும் கடல் கடந்து பிழைக்கப் போகிறவர்கள்தான். ஆகவே கேளுங்கள்.

அங்கே போகிறவர் எல்லோரும் பணக்காரர் அல்லர். பிரிட்டனில் காலமெல்லாம் உழைத்து ஓய்ந்தவர்களும் உண்டு. உள்நாட்டில் இருப்பவருக்கு பிரிட்டிஷ் சர்க்கார் ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் உயர்த்துகிறது. தாய்லாந்தில் குடியேறியவருக்கு உயர்த்துவதில்லை. அங்கே இருக்கும்வரை பழைய தொகைதான். விலைவாசி அப்படி நிற்குமா?

நிற்காது. ஆகவே மனைவி வேலைக்குப் போக நினைக்கிறாள். இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. கணவனின் ஓய்வுச் சீட்டில் தங்கியிருப்பவள் அங்கே வேலை செய்யலாகாது. அதற்குத் தனி விசாவும் தனிப் பெர்மிட்டும் வேண்டும். 2018-ல் திருத்திய சட்டப்படி, பெர்மிட் இன்றி உழைத்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடுகடத்தலும் உண்டு.

வேறு நாட்டுக்குப் போய்ச் சில மாதம் வேலை செய்து திரும்பலாமா? திரும்பலாம். புறப்படுமுன் மறுநுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்: ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. வாங்க மறந்தால் தங்கும் அனுமதியே போயிற்று! வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்வோருக்கென்று 2024 ஜூலையில் தனி விசா வந்தது. அதற்கும் 5 லட்சம் பாட் சேமிப்புக் காட்ட வேண்டும். கணவன் கண்ணை மூடினாலோ, அவள் சீட்டுக்கும் ஆதாரம் போய்விடுகிறது.

இவள் நிலை இப்படி. பாங்கிக் கணக்கே இல்லாமல் எல்லை தாண்டி வருபவன் கதி என்ன? பர்மா, கம்போடியா, லாவோஸ் நாடுகளின் லட்சக்கணக்கான உழைப்பாளிகள்தான் தாய்லாந்தில் மீன் பதனிடுகிறார்கள், கட்டிடம் எழுப்புகிறார்கள். 2017 ஜூனில் கடுமையான அவசரச் சட்டம் வந்ததும், சிறைக்கும் அபராதத்துக்கும் அஞ்சி ஆயிரமாயிரம் பேர் எல்லை நோக்கி ஓடினார்கள். ஆள் இல்லாமல் தொழில் எப்படி நடக்கும்? சில நாட்களிலேயே சர்க்கார் தண்டனைப் பிரிவுகளை அந்த ஆண்டு முடியும்வரை நிறுத்திவைத்தது. உழைப்பவன் வேண்டும், அவனுக்கு உரிமை மட்டும் வேண்டாம்!

“உள்ளூர்த் தொழிலாளியைக் காக்கத்தானே இந்தத் தடை?” என்பார்கள். உள்ளூர்க்காரனின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அரைக் கூலிக்கு வேற்றாளை நிறுத்தினால் யார் வயிறுதான் எரியாது? ஆனால் பெர்மிட் இல்லாதவன் புகார் செய்ய முடியாது; புகார் செய்ய முடியாதவனைத்தான் முதலாளி அரைக் கூலிக்குப் பிடிக்கிறான். அங்கே 1975-ம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி, வேற்று நாட்டான் சங்கத்தில் சேரலாம். சங்கம் அமைக்கவோ நிர்வாகியாகவோ கூடாது. இது யாரைக் காக்கிறது? முதலாளியைத்தான்.

நாம் கேட்பது மூன்று. வேலைக்கு ஒரே கூலி, எந்த நாட்டானாயினும். மனைவிக்குக் கணவன் சீட்டைச் சாராத தனி உரிமை. உழைப்பவர் எல்லோருக்கும் சங்க உரிமை. பாங்கிப் புத்தகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் சட்டம், காய்த்துப்போன கையைப் பார்த்தும் திறக்கட்டும்!