கிண்ணம் ஏந்தும் செடி

அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஏக்மியா பாசியாட்டா, பிறேசில் நாட்டுக் காடுகளில் மரங்களைப் பற்றி வளர்வது. இலைகளின் குறுக்கே வெண்பொடிக் கோடுகளும், விளிம்பிற் கருமுட்களும் காணப்படின் பெரும்பாலும் இதுவே எனலாம். அப்பொடி தூசியன்று, நீரை உறிஞ்சும் நுண்செதில்களாம். துடைத்துவிடலாகாது! நடுவில் எழும் இளஞ்சிவப்புக் கொத்தும் மலரன்று. அதனிடையே தோன்றும் சிறு நீலப் பூக்களே மலர்கள்.

தென்னந்தும்பும் கரித்துண்டும் கலந்து நட்டு, இலைகளின் நடுவேயுள்ள கிண்ணத்தில் நீர் வார்த்தல் வேண்டும். நம் நாட்டில் அந்நீரே டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். முட்டை நுளம்பாக ஒரு வாரமளவே போதும். ஆதலால் வாரமிருமுறை செடியைச் சாய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்றுக. அதற்கு நேரமில்லாதோர் இதனை வளர்க்காதிருப்பதே நன்றென்போம்.

ஒருமுறை பூத்த தாய்ச்செடி மெல்ல வாடும். எறிந்துவிடாதீர்கள், அடியில் முளைக்கும் கன்று தாயின் அரையுயரம் வளர்ந்ததும் வெட்டி நடலாம்.