போலிக்குப் பொறுப்பு மாணவரா?

மட்டாஞ்சேரி ஜூ டவுனின் பழம்பொருள் கடைகளில் மெய்யான பழமையும் அதன் நகலும் அருகருகே நிற்கின்றன. தேர்ந்தவர் மெருகைக் கண்டு மயங்குவதில்லை. பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். கல்வி உதவித்தொகை அலுவலகங்களுக்கும் இதுவே நெறியாக வேண்டும்.

ஒன்றியச் சிறுபான்மையினர் நல அமைச்சகத்தின் உதவித்தொகைத் திட்டங்களில் ஆராயப்பட்ட 1,572 நிறுவனங்களுள் 830 போலியானவை அல்லது இயங்காதவை என்று தெரியவந்தது. 2017-18 முதல் ஐந்தாண்டுகளில் இழப்பு 144.83 கோடி ரூபாய். 2023 ஆகஸ்டில் சிபிஐ வழக்குப் பதிந்தது.

இது மாணவர் மதிப்பெண்ணைத் திருத்திய கதையன்று. இல்லாத பள்ளியை இருப்பதாகக் காட்டிய கதை. விண்ணப்பங்களை நிறுவனமும் மாவட்ட அதிகாரியும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அப்படியாயின் ஒப்புதல் எவ்வாறு கிடைத்தது?

அமெரிக்காவில் காசுக்குப் பள்ளியிறுதிச் சான்றிதழ் விற்கும் கடைகள் பெருகியபோது, ஐயத்துக்குரிய சான்றிதழைச் சோதிக்கும் கடமை 2011 முதல் கல்லூரிகள் மீதே வைக்கப்பட்டது. இங்கோ, எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மைக் குழந்தைகளின் உதவித்தொகையை, கல்வி உரிமைச் சட்டத்தைக் காரணம் காட்டி, 2022 நவம்பரிலேயே அரசு நிறுத்திவிட்டது. எஞ்சியதையும் பறிக்க இந்த மோசடி சாக்காகிவிடக் கூடாது.

தாளின் தோற்றத்தையோ மாணவரின் உடையையோ பார்த்து ஐயுறுவதை விடுத்து, சான்றிதழை வழங்கிய தேர்வு வாரியத்தின் பதிவேட்டோடு அலுவலகமே ஒப்பிடட்டும். அந்த அலைச்சல் கூலித் தொழிலாளியின் மகள் தலையில் விழலாகாது.

தோழர்களே, 2023இல் காயங்குளத்தில் போலிப் பட்டத்தோடு பிடிபட்டவர் நம் மாணவர் இயக்கத்தவர். இயக்கம் அவரை நீக்கியது. போலியை நம் வீட்டில் கண்டாலும் மறைக்காதபோதுதான், உண்மையான மாணவருக்காக நாம் எழுப்பும் குரல் எடுபடும்.