யாருடைய ராகு காலத்தில் விளக்கேற்றுகிறோம்?

ஆலயத் தொண்டர்களாகிய நாங்கள் இதைச் சொல்லியே ஆகணும். கோலாலம்பூரில் வெள்ளிக்கிழமை காலை 10.30க்கு துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏத்துறோம். 12 மணிக்கு எடுத்துச் சுத்தம் பண்ணிடுறோம். கேட்டா, “காலண்டர்ல அப்படித்தானே போட்டிருக்கு” என்பாங்க. எந்த ஊர் காலண்டர்?

சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பிரிச்சா, வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு ராகு காலம். 10.30 என்பது 6 மணிக்கு சூரியன் உதிக்கிற ஊருக்குப் போட்ட கணக்கு. நம்ம ஊர்ல 6 மணிக்குக் கும்மிருட்டு!

காரணம் தீர்க்கரேகை. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னை ஏறக்குறைய 80¼ டிகிரி, இந்தியக் கடிகாரம் 82½ டிகிரிக்கு வைத்தது. வித்தியாசம் 9 நிமிடம்தான். கோலாலம்பூர் 101.7 டிகிரி. நம்ம கடிகாரமோ 120 டிகிரிக்கு! 73 நிமிடம் வித்தியாசம். 1982 ஜனவரி 1ல் சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க நம்ம கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினாங்க. ராகுவும் கூடவே தள்ளிப் போனாரா என்ன?

ஆக, இங்கே வெள்ளிக்கிழமை ராகு காலம் சுமாரா 11.45லிருந்து 1.15 வரை. மாசத்துக்கு மாசம் கால் மணி முன்னே பின்னே இருக்கும். சில மாசத்துல நாம விளக்கை எடுக்கிற நேரத்துலதான் ராகு காலமே ஆரம்பிக்குது.

“பெரியவங்க வகுத்ததை மாத்தலாமா?” பெரியவங்க இப்படி வகுக்கவே இல்லீங்க. சூரிய சித்தாந்தம் உஜ்ஜயினி வழியா போற கோட்டை ஆதாரமா வெச்சு, மத்த ஊருக்கெல்லாம் ‘தேசாந்தரம்’ திருத்தம் போடச் சொல்லுது. ஒரு ஊர் கோட்டுக்குக் கிழக்கா மேற்கான்னு சந்திர கிரகணத்தை வெச்சுக் கண்டுபிடிக்கவும் வழி சொல்லுது: கணிச்ச நேரத்தைவிடத் தாமதமா கிரகணம் தெரிஞ்சா ஊர் கிழக்கே இருக்கு. கிரீன்விச் கோடு 1884ல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி ஓட்டுப் போட்டு எடுத்தது, 22 நாடு ஆதரவு. கோட்டை எங்கே வேணும்னாலும் வைக்கலாம். ஊருக்கு ஊர் திருத்தம் போடாம இருக்கத்தான் முடியாது. பக்கத்து மசூதியில மதியத் தொழுகை அழைப்பு 12 மணிக்கா கேட்குது? அவங்க இந்த ஊர் சூரியனைக் கணக்குப் பண்றாங்க.

வெள்ளிக்கிழமை மதிய ஓய்வில் வேலை இடத்திலிருந்து ஓடி வர்ற பிள்ளைங்க, அணைஞ்ச விளக்கைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறாங்க. அவங்க வந்ததுதான் சரியான நேரம். ஆலய நிர்வாகங்களே, விளக்கு நேரத்தை 1.15 வரை நீட்டுங்க. அடுத்த வருஷ காலண்டர் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி, இந்த ஊர் உதயத்தை வெச்சு நேரம் போடச் சொல்லுங்க.